டௌ புரத மருந்து ஆராய்ச்சியின் முடிவை என் கணவருக்குச் சொல்லாமல் விட்டது குறித்து

அனுப்புநர்
வி. முனீஸ்வரி,
க/பெ. விஜயபாண்டி,
மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: அல்சைமர் மருந்து ஆராய்ச்சியில் பங்கேற்ற என் கணவருக்கு, அது நிறுத்தப்பட்டதைத் தெரிவிக்காதது – விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் விஜயபாண்டி, ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். பல வருடம் வேலை பார்த்த ராஜபாளையத்தில், ஊர் திரும்ப எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் ஒருநாள் நின்றுவிட்டார். பரிசோதித்து, அல்சைமர் நோய் என்றார்கள்.

2. சிகிச்சைக்குப் போன மதுரைத் தனியார் மருத்துவமனை (பெயர் தனித்தாளில்) எங்களை ஆராய்ச்சி ஒன்றில் சேர அழைத்தது. மூளையில் டௌ என்ற புரதம் முடிச்சு முடிச்சாகத் திரண்டு செல்லுக்குச் செல் பரவுகிறது, அதை வழியிலேயே பிடிக்கும் ஆன்டிபாடி மருந்தை மாதந்தோறும் நரம்பில் ஏற்றுவோம் என்றார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்பது முடிவில்தான் தெரியும் என்பதையும் மறைக்கவில்லை. எனக்குச் சம்மதமில்லை. அப்போது தெளிவாக இருந்த என் கணவர்தான், "எனக்கு ஆகலைன்னாலும் பொறவு வாரவங்களுக்கு ஆகும்ல" என்று கையெழுத்திட்டார். முடிவு எதுவானாலும் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார். மருத்துவர் அவர் கையைப் பிடித்துச் சம்மதித்தார்.

3. சோதனைக்கென்று முதுகுத்தண்டில் நீர் எடுத்தபோது சுருண்டு படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். நாளாக நாளாக என் பெயரே அவருக்கு மறந்துபோயிற்று. ஊசிக்குக் கை நீட்டுவது மறக்கவில்லை.

4. கடந்த மாசியில் வழக்கம்போல் போனோம். ஊசி ஏற்றும் அறை பூட்டியிருந்தது. "அந்த ஆராய்ச்சிய நிப்பாட்டிட்டாங்களே, ஒங்களுக்குச் சொல்லலையா?" என்றார் காவலாளி. மருந்து நோயைத் தடுக்கவில்லை என்று வெளிநாட்டு நிறுவனம் முன்பே நிறுத்திவிட்டதாம். பூட்டிய கதவின் முன் என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். ஏற்றியது மருந்தா, உப்புநீரா என்று அதே மருத்துவரிடம் கேட்டேன். "இனி அது தெரிஞ்சு என்னம்மா செய்யப் போறீங்க?" என்றார்.

5. மருந்து பலிக்காததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் கணவர் ஸ்டேஷனில் இருந்த காலத்தில், சாட்சி சொன்ன ஆடு மேய்ப்பவருக்கும் தீர்ப்பு என்னவென்று ஆளனுப்பிச் சொல்வார். அந்த மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே, அவருக்கு ஏற்றியது எது என்பதையும் அவருடைய சோதனை முடிவுகளையும் எழுத்தில் பெற்றுத் தரவும், அந்த மருத்துவர் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரின் எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லவும் உத்தரவிட வேண்டுகிறேன். சொன்னால் அவருக்கு விளங்காது என்பது எனக்குத் தெரியும். சொல்கிறவருக்கு விளங்கினால் போதும்.

இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர்
நாள்: 14.07.2025

கணவருக்காகவும் சேர்த்துக் கையெழுத்திடும்,
வி. முனீஸ்வரி