ஊர்க்கிணறும் மக்காச்சோளமும்

திருத்தங்கல்
10.11.2024

அன்புத் தோழி செல்வலட்சுமிக்கு,

ஹெப்சிபா எழுதுகிறேன். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய்; இதையாவது கிழிக்காமல் படி. கால் வீக்கம் வடிந்ததா?

உங்கள் ஊர்க்கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியது நான்தான். இத்தனை வருஷம் காத்திருந்து பிள்ளை சுமக்கிறாய். உன் வீட்டுக்காரர் சோளக்காட்டுக்குக் களைக்கொல்லி அடித்த மிஷினைக் கிணற்றடியில்தான் கழுவுகிறார் என்று நீயே சொன்ன பிறகு, நர்ஸ் வேலை பார்க்கிற நான் எப்படிச் சும்மா இருப்பேன்? தண்ணீரில் அந்த மருந்து அனுமதித்த அளவைப்போல நாலு மடங்கு இருக்கிறது. காய்ச்சினாலும் போகாது. அதனால்தான் பஞ்சாயத்தில் சொல்லிக் கிணற்றை மூட வைத்தேன். என்மேல் கோபம் இருக்கட்டும். லாரித் தண்ணீரையே குடி.

பிரியமுள்ள,
ஹெப்சிபா


ஏழாயிரம்பண்ணை
17.11.2024

ஹெப்சிபாவுக்கு,

லாரித் தண்ணீர்தான் குடிக்கிறேன். கோபமும் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீக்கடையில் அவரைப் பார்த்து, "ஏலே தங்கச்சாமி, உன் சோளத்துக்கு ஊரே மருந்து குடிக்கணுமாலே?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "களை கொத்த ஆள் கிடைக்கல, நான் என்ன செய்ய?" என்று கத்தினார். பிறகு என் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செல்வலட்சுமி


ஏழாயிரம்பண்ணை
16.2.2025

அடியே ஹெப்சி,

பெண் குழந்தை! அவர் மூக்கு, என் வாய். இருவரும் நலம்.

நடந்ததைக் கேள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி லீவல்லவா? என்னோடு வேலை பார்த்த பாண்டிச்செல்வி, பெண்களைத் திரட்டிக்கொண்டு களைக்கொத்தியோடு காட்டில் வந்து நின்றாள். "அண்ணே, தண்ணி எங்களுக்கும்தான? மருந்தத் தூக்கி ஓரமா வையுங்க, நாங்க கொத்துதோம்" என்றாள். இவர் வெட்கத்தில் தானே சமைத்துப் போட்டார். குழம்பில் உப்பே இல்லை. "மருந்துக்குப் பயந்து உப்பையும் விட்டுட்டீகளா?" என்று அவள் கேட்க, காடே சிரித்தது. இவரும் சிரித்தார்.

கிணற்றை இறைத்துத் தூர்வாரியபோது முதலில் இறங்கியதும் இவர்தான். மறுபடி பரிசோதித்ததில், அளவு அனுமதித்ததற்கும் கீழே வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் மறுபடி திறந்துவிட்ட அன்று யாரோ மிச்சமிருந்த சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை கண்ணே திறக்கவில்லை. பட்டாசு ஊர்ப் பிள்ளையல்லவா!

வருகிற ஞாயிறு பேர் வைக்கிறோம். "நர்சம்மா வராம தொட்டில் கட்டமாட்டேன்" என்று இவர் அடம்பிடிக்கிறார். காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. பையில் மட்டும் தண்ணீர் பாட்டில் இருந்ததோ, வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்
லட்சுமி