பெட்டியில் இருந்த வேட்டி

19 அக்டோபர் 1978, வியாழன். சங்ககிரி

ஜவ்வரிசி லோடு ஏறிவிட்டது. வழக்கம்போல் கல்கத்தாவுக்கு. "தீபாவளிக்கு வூட்டுல இருப்பே, போ ஏழுமலை" என்றார் முதலாளி. அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஒரிசாவுக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தில் ரோடு அரித்துக் கிடக்கிறது என்கிறார்கள். தீபாவளி முப்பதாம் தேதி. பார்ப்போம்.

சுலோசனாவுக்குக் கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும் வாங்கி, ஈரம் படாமல் சுற்றி, கேபினில் என் தலைமாட்டில் கட்டி வைத்திருக்கிறேன். நாலு வயசு முடியப் போகிறது. போன தடவை தூக்கியபோது வீறிட்டு அழுதாள். இறக்கி விட்டதும் ஓடிப்போய் நிமாயின் காலைக் கட்டிக்கொண்டு, அங்கிருந்து என்னை எட்டிப் பார்த்தாள். பெற்ற அப்பனை.

நிமாய் கல்கத்தாவில் எங்கள் பக்கத்துப் போர்ஷன்காரன். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ஃபிட்டர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கடைசி வரியை ஏன் எழுதினேன்?

21 அக்டோபர், சனி. நெல்லூர் தாண்டி

கூட வரும் டிரைவர் சிவலிங்கம் ஓட்டுகிறான். வண்டி குலுங்குவதால் எழுத்து கோணல்.

கிளம்புவதற்கு முன் என் பெண்டாட்டி அருக்காணியின் பெரியம்மா கேட்டாள், பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லையா என்று. மாமன் மடி வேண்டுமே, யார் மடியில் உட்கார வைப்பது? உத்தமன்தான் போய்விட்டானே. அருக்காணிக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். எனக்கும் அவன்தான் எல்லாம். இதே வண்டியில் நானும் அவனும் ஆறு வருஷம் மாறி மாறி ஓட்டினோம். மச்சான் என்றால் அவன், அவனுக்கு மச்சான் என்றால் நான். "சங்ககிரியிலே வூட்டை வெச்சுக்கிட்டு மாசத்துக்கொருக்கா மொகத்தைக் காட்டறதுக்கு, லோடு எறக்கற ஊர்லயே குடியிருக்கலாம் மச்சான்" என்று எங்களைக் கல்கத்தாவுக்குக் கூட்டி வந்ததே அவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நடை அவன் உடம்பு சரியில்லை என்று வீட்டில் தங்கினான். மஞ்சள் காமாலை. நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது நிமாய். தோள் கொடுத்தது நிமாய். கொள்ளி வைத்ததுகூட அவன்தானாம்.

நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் நன்றி வேறு, இது வேறு. போன மாசம் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது சுலோசனாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனது யார்? நிமாய். கூரைத் தகரத்தைச் சரி பண்ணியது? நிமாய். "நிமாய் இல்லீன்னா என்ன ஆயிருக்குமோ" என்று அருக்காணி சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நான் செய்ய வேண்டியதை எல்லாம் ஒருத்தன் செய்துகொண்டே இருந்தால் நான் எதற்கு?

23 அக்டோபர், திங்கள். ராஜமுந்திரி

சிவலிங்கம் ஒன்று சொன்னான். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவனுக்கு வஞ்சகம் தெரியாது, வாயில் வந்ததைச் சொல்கிறவன்.

போன தீபாவளிக்கு நான் வேறு ஆளோடு கிளம்பினேன், அவன் காய்ச்சலில் கல்கத்தா கோடவுனில் படுத்திருந்தான். நான் மறந்துவிட்டுப் போன ஃபிளாஸ்க்கைக் கொடுக்க வீட்டுக்குப் போனானாம். "தீபாவளி கழிஞ்சு ரெண்டு மூணு நாளிருக்கும்ணே. உங்க வூட்ல ஒரே விருந்து. அந்த பெங்காலி புது வேட்டி கட்டிட்டு மணையில உக்காந்திருந்தாரு. அண்ணி பூரி, பாயசமெல்லாம் செஞ்சு பக்கத்துல உக்காந்து பரிமாறுச்சு. எனக்கும் ஒரு டம்ளர் பாயசம் கெடச்சுது. நல்லா இருந்துச்சுண்ணே."

நல்லா இருந்ததாம்.

தீபாவளிக்கு மறுநாள் நான் கிளம்பிவிடுவேன். எல்லா வருஷமும் அப்படித்தான். நான் போனபிறகு விருந்து.

24 அக்டோபர்

அந்த வேட்டியை யார் வாங்கிக் கொடுத்தது?

26 அக்டோபர், வியாழன். இச்சாபுரம்

செக்போஸ்ட்டில் வண்டிகள் ஒரு மைலுக்கு நிற்கின்றன. நேற்றிலிருந்து இதே இடம். ஆளாளுக்குத் தீபாவளிக் கவலை. எனக்கு மட்டும் வேறு கவலை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அருக்காணி அப்படிப்பட்டவள் இல்லை. எனக்குத் தெரியாதா? அவன் அவளைத் தீதி என்றுதான் கூப்பிடுகிறான், அக்கா என்று. என்னைத் தாதா, அண்ணன் என்று. ஆனால் இந்த ஊரில் தெருவில் போகிற கத்தரிக்காய்க்காரிகூடத் தீதிதான். அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

சிவலிங்கத்திடம் இன்னொரு தரம் கேட்டேன். வேட்டி என்ன நிறம், கரை எப்படி, அவள் சிரித்துப் பேசினாளா என்று. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஏண்ணே, நான் எதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?" என்றான். இல்லை என்றேன். இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

29 அக்டோபர், ஞாயிறு. சாந்த்ராகாச்சி

வந்து சேர்ந்துவிட்டேன். பாலாசூருக்குப் பிறகு ரோடே இல்லை, பள்ளத்துக்கு நடுவில் கொஞ்சம் தார். எப்படியோ சாயங்காலத்துக்குள் லோடை இறக்கிவிட்டுப் பட்டாசுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் சுலோசனா கையில் எரிகிற மத்தாப்பு. கையைப் பிடித்துக்கொண்டு நிமாய். ஒரு டப்பா தீர்ந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது.

"புதுல், தேக்கோ கே எஷேச்சே!" என்றான். யார் வந்திருக்கிறது பார் என்று. புதுல் என்றால் பொம்மையாம். என் மகளுக்கு நான் வைத்த பெயர் சுலோசனா. அவள் என்னைப் பார்த்தாள், சிரித்தாள்கூட. ஆனால் அவன் கையை விடவில்லை. என் பொட்டலத்தைப் பரண்மேல் போட்டேன்.

"ஏனுங்க, எளைச்சுப் போயிட்டீங்களே" என்றாள் அருக்காணி. வெந்நீர் போட்டுத் தந்தாள். முதுகு தேய்த்துவிட்டாள். எல்லாம் எப்போதும்போலத்தான். எனக்குத்தான் எதுவும் எப்போதும்போல் இல்லை.

துண்டு எடுக்கத் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில், அவள் கல்யாணப் புடவைக்குக் கீழே, ஒரு புது வேட்டி. பெங்காலி வேட்டி, மெல்லிய சிவப்புக் கரை. மூடிவிட்டேன்.

நாளைக்கு எனக்குத் தருவதற்காக இருக்கும். இருக்கட்டும். சாமி, அப்படியே இருக்கட்டும்.

30 அக்டோபர், திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். எனக்குப் புதுச் சட்டை, நாலு முழ வேட்டி. நம்மூர் வேட்டி. பெட்டியில் இருந்தது அல்ல.

கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமா, பொய் சொல்லிவிடுவாளோ என்று பயமா, எனக்கே தெரியவில்லை.

31 அக்டோபர், செவ்வாய்

இங்கே இன்றைக்குத்தான் காளி பூஜை. சுலோசனாவைப் பந்தலுக்கு நிமாய் கூட்டிப் போனான். அவன் மடியில் உட்கார்ந்து ரசகுல்லா தின்றுவிட்டு வந்தாள். சட்டையெல்லாம் பாகு.

எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது! இவள் குழாயடிக்குப் போனால் பிள்ளை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதாம், அதற்காகவாம். நானே போய்க் கேட்டு வாங்கினேன். "என் வூட்டுச் சாவி எங்கிட்ட இருந்தாப் போதும்" என்றேன், இந்தியில். அவன் எடுத்துக் கொடுத்தான்.

"வாரத்துல ஒரு நாளு இருக்கறவரு சாவிய வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் அருக்காணி. மாசத்தில் ஒரு வாரம் என்று திருத்தியிருக்க வேண்டும். கோபத்தில் அதுகூட வரவில்லை.

1 நவம்பர், புதன். கோடவுன்

லோடு ஏறிவிட்டது, கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய். சாக்கு லோடு நாளை மறுநாள்தான். வண்டியிலேயே படுத்திருக்கிறேன். நான் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததா இல்லையா? தெரிந்தது. எனக்குத் தெரிந்தது.

எது எப்படியோ, இந்தத் தடவை கண்ணால் பார்த்துவிடுவது.

2 நவம்பர், வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு சங்கு ஊதுகிறார்கள். எதிரே வந்த ஆண்கள் நெற்றியில் எல்லாம் சந்தனப் பொட்டு, கையில் மிட்டாய்ப் பெட்டி. இந்த ஊருக்கு வருஷம் பூராவும் திருவிழாதானே என்று நினைத்துக்கொண்டே போனேன். யாரையாவது கேட்டிருக்கலாம். டீக்கடைக்காரனே சொல்லியிருப்பான். ரோட்டிலேயே கிடக்கிறவனுக்குத் தெரு வழக்கம் எங்கே தெரிகிறது!

கதவு திறந்தே இருந்தது. நிமாய் மணையில். மடியில் அந்த வேட்டி, மடிப்புக் கலையாமல். எதிரே விளக்கு. அருக்காணி தலை குளித்து, அவன் நெற்றியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "நான் அந்தப் பக்கம் போனதும் விருந்தாடி? எவனுக்குடி புது வேட்டி?" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். கால் பட்டு விளக்கு சாய்ந்து அணைந்தது. சுலோசனா அலறினாள். நிமாய் எழுந்தான். அடிக்க வருவான் என்று நினைத்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேட்டியை மணைமேல் வைத்தான். "தீதி காலைலேர்ந்து சாப்பிடல, தாதா" என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம்தான் பார்த்தேன். பக்கத்தில் இன்னொரு மணை. அதன்மேல் உத்தமன் போட்டோ. ஊரில் இருக்கிறது என்று நான் நினைத்திருந்த போட்டோ. அதன் நெற்றியில் ஈரம் காயாத சந்தனம். அருக்காணியின் இடது கை சுண்டுவிரலிலும் அதே சந்தனம். இடது கையால் திருநீறுகூட எடுக்காதவள்.

அவள் அழவில்லை. விளக்கை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னிக்கு இந்த ஊர்ல கூடப்பொறந்தவனுக்குப் பொட்டு வெக்கற நாளுங்க. வெறும் வயித்தோட இருந்து, இடது சுண்டு வெரல்ல வெக்கோணும். எமன் வாசல்ல முள்ளு போடறதாம், அவனுக்கு வழி தெரியாமப் போகட்டும்னு. எனக்கு முன்னாலயே தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா எங்கண்ணனுக்கு வெச்சிருப்பேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"எப்படிச் சொல்றது? எங்கண்ணன் பேரை எடுத்தாச் சோத்துல வெச்ச கையோட எந்திரிச்சுப் போயிருவீங்க. மூணு வருசமா அந்தப் பேரை இந்த வூட்ல சொல்ல முடியல. உங்களுக்கு மட்டும்தான் மச்சான் செத்தானா? எனக்கு அண்ணன் சாகலியா?"

உட்கார்ந்துவிட்டேன். அவள் வயிற்றில் பச்சைத் தண்ணீர் இல்லை. பொட்டு வைக்காமல் சாப்பிடமாட்டாள். பூரி ஆறிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் போர்ஷனுக்குப் போனேன். நிமாய் காக்கிச் சட்டை மாட்டி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவனுக்கு இந்தியும் வரவில்லை, பெங்காலியும் வரவில்லை. "வா மச்சான். சாப்பாடு ஆறுது" என்றேன்.

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. உத்தமனும் நானும் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டு, வீட்டில் இருந்த நாளெல்லாம் அவன் கேட்டிருக்கிறான். அது யாரை யார் கூப்பிடுகிற சொல் என்று அவனுக்குத் தெரியும். உத்தமனுக்குப் பிறகு நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் பின்னாலேயே வந்தான்.

விளக்கை நான்தான் ஏற்றினேன். அவள் பொட்டு வைத்தாள், அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு எல்லாருமாக உட்கார்ந்தோம். போட்டோ எதிரிலேயே இருந்தது. நான் எழுந்து போகவில்லை. பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

3 நவம்பர், வெள்ளி. கரக்பூர்

"என்னண்ணே, அண்ணி நல்லா இருக்குதுங்களா?" என்றான் சிவலிங்கம். பாயசம் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று தூக்குப்போசியை நீட்டினேன்.

28 ஜனவரி 1979, ஞாயிறு. சாந்த்ராகாச்சி

இன்று சுலோசனாவுக்குக் காது குத்தினோம். நம்மூர்க்காரர்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து ஆசாரி வந்தார். "தாய்மாமன் யாருங்க?" என்று கேட்டார். அருக்காணி என்னைப் பார்த்தாள். "அதோ, வேட்டியைத் தடுக்கிக்கிட்டு வரானே, அவன்தான்" என்றேன். ஆசாரி மணையைக் காட்டினார். நிமாய் அதே சிவப்புக் கரை வேட்டியில், பிள்ளையைவிட அதிகமாகப் பயந்துபோய் உட்கார்ந்தான்.

கம்பி ஏறியபோது அவள் "மாமா!" என்று கத்தி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சர்க்கரையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் எரியத்தான் செய்கிறது, அதை மறைப்பானேன். உத்தமன் மடியில் உட்கார்ந்து கத்தியிருந்தாலும் இப்படித்தான் எரிந்திருக்கும்.

நாளைக்கு லோடு. சாயங்காலம் வீட்டுச் சாவியை நிமாயிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அருக்காணி கேட்கவில்லை, நானாகத்தான்.