மேஜைக்கு அடியில் ஓர் இடம்

ஆசிரியர் அறையில் என் டீ இன்றைக்கும் ஆறிப்போய்விட்டது. மேலே ஆடை படிந்திருக்கிறது. விரலால் எடுத்துப் போடப் போனவள் நிறுத்திக்கொண்டேன். நீ இருந்தால் குனிந்து ஊதியிருப்பாய். ஆடை சுருங்கி, டம்ளர் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக ஒதுங்கும். "பாத்தியாட்டி, இமயமலை" என்பாய். குடிக்கிற டீயில் மலை வளர்க்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வரும். இன்று நானே ஊதிப் பார்த்தேன். மலை சரியாக வரவில்லை.

நீ போன பிறகு உன் எட்டாம் வகுப்புப் புவியியலை என் தலையில் கட்டிவிட்டார்கள். செம்பூரிலிருந்து தாராவிக்குத் தினமும் உன்னோடு ரயிலில் வந்த தமிழ் டீச்சருக்குக் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் என்று தலைமையாசிரியர் நினைத்தார் போலிருக்கிறது. ஒட்டித்தான் இருக்கிறது. லேடீஸ் பெட்டியில் ஒருத்தியை ஒருத்தி நெருக்கிக்கொண்டு, அசைய வழியில்லாமல் நிற்போம். குர்லாவில் கதவோரம் நிற்பவர்கள் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் ஒரே குலுக்கலில் நகரும். கம்பியைப் பிடிக்காத நான் யார் மேலாவது போய் விழுவேன். நீ சிரித்துக்கொண்டே, நிலநடுக்கமும் இப்படித்தான் என்பாய். பூமியின் மேல்தோடு பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது, ஒன்றையொன்று தள்ளியபடி சிக்கி நிற்கிறது, சேர்த்துவைத்த அழுத்தமெல்லாம் சிக்கல் விடுபடும்போது ஒரே நொடியில் வெளியே வருகிறது என்று என் காதுக்குள் பாடம் நடத்துவாய்.

அந்தப் பாடத்தால் வந்த வம்பு நினைவிருக்கிறதா? புத்தகத்தில் இருந்த இடிந்த கட்டடப் படத்தைப் பார்த்துவிட்டு உன் வகுப்பு அபிநயா வீட்டில் மாடி ஏற மறுத்துவிட்டாள். கீழே ஓர் அறை, இரும்பு ஏணி, மேலே ஓர் அறை. அவள் படுப்பது மேலே. பயத்தில் கீழே வாசல்படியை ஒட்டிச் சுருண்டுகொள்கிறாள், வருகிற போகிறவர்கள் மிதித்துவிட்டுப் போகிறார்கள் என்று அவள் அம்மா பள்ளிக்கே வந்து சண்டை பிடித்தாள். நம் ஊருக்கு அதெல்லாம் வராது என்று சொல்லி முடித்துவிடு என்றேன் நான். நீ அம்மாவை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாய்.

"வராதுன்னு எப்படிட்டி சொல்லுவேன்? நான் இல்லாத அன்னைக்கு வந்துட்டா அந்தப் பிள்ள என்ன செய்யும்?"

மறுநாள் ஒரு பாத்திரம் சூடான பாலோடு வகுப்புக்குப் போனாய். நானும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆடை படிந்ததும் இரண்டு கரண்டிகளால் இரு பக்கமிருந்தும் தள்ளச் சொன்னாய். மலை வந்தது. தட்டுகள் நகர்வது நம் நகம் வளர்கிற வேகத்தில்தான் என்றதும் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் நகத்தைப் பார்த்தார்கள். மும்பை தட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது, அதனால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றாய். எரிமலை எங்கே இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தில் கொட்டிக் கிடந்த கருங்கல்லைக் காட்டினாய். இந்தப் பக்கத்து நிலமே ஒரு காலத்தில் வெடிப்புகள் வழியாக வழிந்தோடி உறைந்த எரிமலைக் குழம்புதான் என்றாய்.

"அன்னைக்கு நெருப்பா ஓடுனது, இன்னைக்கு நம்ம ரயிலத் தாங்குது."

அன்று ஆரம்பித்ததுதான் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒத்திகை. விசில் ஊதினால் பெஞ்சுக்கு அடியில் போக வேண்டும், தலையை மூட வேண்டும், பெஞ்சின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விசில் ஊதும் வேலையை அபிநயாவுக்கே கொடுத்தாய். அவள் ஏணி ஏறித் தூங்கத் தொடங்கினாள். நான் மட்டும் மூட்டு வலி, சேலை அழுக்காகும் என்று சொல்லி நின்றுகொண்டே இருப்பேன். "நிலநடுக்கம் ஒன் மூட்டக் கேட்டுக்கிட்டா வரும்?" என்று பிள்ளைகள் முன்னாலேயே என் மானத்தை வாங்குவாய்.

நீ போனதும் அந்த பீரியடைத் திருப்புதலுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். போன வாரம் அபிநயாவின் அம்மா மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, பிள்ளை திரும்பவும் வாசலில்தான் படுக்கிறாள் என்றாள். உன்னோடு சேர்த்து அவளுடைய தைரியத்தையும் எரித்துவிட்டோமோ என்று நினைத்து, அன்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. கடைசி பீரியட். திருப்புதல் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. நான் சாக்பீஸோடு அப்படியே நின்றேன். திரும்பிப் பார்த்தால் வகுப்பில் ஒரு தலை தெரியவில்லை. விசில் இல்லை, சத்தம் இல்லை, எல்லோரும் பெஞ்சுக்கு அடியில். முதல் பெஞ்சுக்குக் கீழிருந்து அபிநயாவின் குரல் வந்தது.

"டீச்சர், நிக்காதீங்க. மேஜைக்கு அடியில போங்க. காலப் பிடிச்சுக்கோங்க."

போனேன். மூட்டு கத்தியது, சேலை நாசமானது. மேஜைக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிர்வு விட்டு விட்டு வந்தது. பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரத் தூண் அடிக்கிற பைலிங் மெஷின் இறக்கியிருக்கிறார்கள் என்று ஜன்னலோரப் பையன் கண்டுபிடித்துச் சொல்ல, வகுப்பே சிரித்தது. அபிநயா மட்டும் சிரிக்காமல் வெளியே வந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். மெஷினுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவன் கேலி செய்ததற்கு, "மொதல்ல உள்ள போ, அப்பறம் காரணம் கேளுன்னு டீச்சர் சொல்லிருக்காங்கல்லா" என்றாள். டீச்சர் என்று அவள் சொன்னது என்னை இல்லை.

இன்று காலை அவளைக் கூப்பிட்டு எங்கே தூங்கினாய் என்று கேட்டேன். மேலே என்றாள். தலைமையாசிரியரிடம் போய், திருப்புதலை வேறு பீரியடில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் உன்னுடையதுதான். நீ இல்லாத அன்றைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டாயே, என்னையும் இழுத்து உள்ளே உட்கார வைத்தாள்.