ஒற்றுமை ஞாயிறும் உன் வெள்ளைக் கவுனும்

ஜார்ஜியா,
மார்ச் 18

அன்பு மகள் ஜொனெட்டாவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் வலது தோள் ஒன்றைத் தவிர இங்கே மற்றதெல்லாம் கர்த்தர் கிருபையால் சுகம். சியாட்டிலில் நீயும் பேரன் மைக்காவும் தோள் உட்பட முழுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தோள் விஷயம் உனக்குத் தெரியும். ஆராதனைக்கு முன்னால் ஹீட்டர் போட விடியற்காலையில் சபைக் கதவைத் திறந்த மனிதரை, திருட வந்தவர் என்று அந்த ஹேக்லர் என்கிற போலீஸ்காரன் தரையில் அமுக்கினான். "சாவி என் கையிலதான்யா இருக்கு, நான் இந்தச் சபை டீக்கன்" என்று அப்பா சொல்லச் சொல்லக் கையை முறுக்கினான். நாற்பது வருடமாகச் சபை ஊழியம் பார்த்து அந்தக் கதவைத் திறக்கிறவர் அவர். எதிர்வீட்டு ஓபல் போனில் எடுத்த படம் ஊரெல்லாம் ஓடியது. எலும்புக்குக் கட்டுப் போட்ட மறுநாளே ஒரு டிவிக்காரப் பெண் வாசலில் வந்து நின்று, "அவரை மன்னிச்சிட்டீங்களா?" என்று மைக்கை நீட்டினாள். இன்னும் வலி மாத்திரையே வாங்கவில்லையம்மா என்றேன். போன வருடம் மேயரின் தபால்பெட்டியைக் காரால் இடித்த நம் சபைப் பையன் ஒருவனுக்கு ஆறு மாதம் சிறை கிடைத்ததே, அப்போது மேயர் வாசலில் யாரும் மைக் நீட்டவில்லை. மன்னிப்பு என்றால் கறுப்பர் வீட்டில் பானை நிறைய கொதித்துக்கொண்டிருக்கும், கரண்டியோடு வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் மேயரும் நம் போதகர் டாலிவரும் கூடிப் பேசி, போன வாரம் 'ஒற்றுமை ஞாயிறு' வைத்தார்கள். ஹேக்லர் சபைக்கு வருவானாம், அப்பா அவனுக்கு வலது கை கொடுத்து ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்வாராம், அதோடு போலீஸ் மேல் எழுதிக் கொடுத்த புகாரையும் திரும்ப வாங்கிக்கொள்வாராம். கர்த்தர் கேட்டது மன்னிப்பு, மேயர் கேட்டது புகார், இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டுவந்தார் போதகர். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்பா மட்டும், "பார்க்கலாம் லூ" என்றார். அன்றைக்கு முன்வரிசை முழுக்க வெள்ளைக்காரர்கள். மூத்த பெண்கள் நாங்கள் உட்காரும் தாய்மார் பெஞ்சைக்கூட விடவில்லை, நான் தொப்பியோடு நான்காம் வரிசைக்குப் போனேன். மேயர் மனைவி ஒரு கடை கேக் கொண்டுவந்தாள், விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. ஹேக்லர் எழுந்து ஒரு தாளைப் பார்த்து, "அன்னைக்கு நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படறேன்" என்று வாசித்தான். திருவிழா அன்று மழை பெய்ததற்கு வருத்தப்படுகிற மாதிரி! போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம், "சகோதரர் ஹோசியா, கையைக் குடுங்க" என்றார். தூக்க முடியாமல் போனதே அந்த வலது கைதான் என்பது அந்த ஊர்ப் பெரியவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

அப்பா எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. "குடுக்கறேன் தம்பி. ஆனா இந்தச் சபையில ஒரு முறை இருக்கு. இங்க நின்னு மன்னிப்புக் கேக்கறவங்க தன் பேரையும் என்ன செஞ்சோம்ங்கறதையும் வாய்விட்டுச் சொல்லணும். என் பொண்ணு பதினேழு வயசுல, வயித்துல புள்ளையோட, நீ நிக்கற இதே இடத்துல நின்னு சொல்லுச்சு. நீயும் சொல்லு. யாரைக் கீழே தள்ளினே, ஏன் தள்ளினே, சொல்லு. புகாரு அது பாட்டுக்குக் கிடக்கட்டும், அது சர்க்காரோடது. நான் இங்கேயே உன்னை மன்னிச்சிடறேன்." ஹேக்லர் வாயைத் திறந்தான். உடனே மேயர் பக்கத்தில் இருந்த வக்கீல் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வாய் மூடிக்கொண்டது. டிவிக்காரர்கள் கேமராவை எங்கே திருப்புவது என்று தெரியாமல் ஜன்னலைப் படம் எடுத்தார்கள். போதகர் அவசரமாகப் பாட்டுக்காரர்களை எழுப்பினார். அவர்களும் பாவம், யாருக்கும் சுருதி சேரவில்லை. புகார் அப்படியே இருக்கிறது. பத்திரிகையில் அப்பாவைக் கல்நெஞ்சுக்காரர் என்று எழுதியிருக்கிறார்கள். படித்து நன்றாகச் சிரித்தேன்.

சிரித்து முடித்துக் கேக் தட்டுகளைக் கழுவும்போதுதான் எனக்குக் கை நின்றுபோயிற்று. அப்பா கேட்டது ஹேக்லரை, ஆனால் அவனைவிட முன்னாலேயே பதில் சொல்ல வேண்டியவள் நான். இருபத்திரண்டு வருடமாக நீ கிறிஸ்மஸுக்கு வந்தாலும் சபை வாசலில் காரிலேயே உட்கார்ந்திருக்கிறாய். நானும் இத்தனை வருடம், "அன்னைக்கு நடந்ததை மறந்துடும்மா" என்றுதான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் மழை பெய்த கதைதான். எனவே கேள்.

நான் லூவேனியா ஸ்டப்ஸ். "அம்மா வேணாம்மா, வீட்டுலயே அடிச்சிடும்மா" என்று நீ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் உன் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டு, முதுகில் கை வைத்து, இருநூறு பேர் முன்னால் உன்னைத் தள்ளிவிட்டேன். கர்த்தருக்காக அல்ல. போதகர் மனைவி முன்னால் என் தலை குனியக்கூடாது என்பதற்காக. உன் வயிற்றுப் பிள்ளைக்கு அப்பனான அந்தப் பையன் அன்றைக்குப் பக்கத்திலேயே டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தான், அவனை எழுந்து நில் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் செய்தது இது. இங்கே கேமரா இல்லை, கேக்கும் இல்லை. நீ உடனே பதில் சொல்ல வேண்டாம். சொல்லாமலே இருந்தாலும் நீ என் மகள்தான்.

மைக்காவிடம் மறக்காமல் சொல், போலீஸ்காரர் அவன் வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருக்கட்டும், குரலை உயர்த்த வேண்டாம். கர்த்தர் உங்கள் இருவருடைய போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

உன் அம்மா,
லூவேனியா

பின்குறிப்பு: கீழே கோணலாக இருப்பது அப்பாவின் கையெழுத்து, இடது கையால் போட்டார். அன்றைக்கு டீக்கனாக எழுந்து, "நீ என்ன செஞ்சே, சொல்லு" என்று உன்னைக் கேட்டது தான்தான் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.