குப்புராஜின் கெட்டி ராடு

ஓசூர், 12 மார்ச் 1987
மொபெட் என்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கி ஓடும் புது ராடு. உருகிய அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடுத் தூளைக் கலந்து வார்க்கிறோம். லேபில் ஒன்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தூள் பரவவே இல்லை; கட்டி கட்டியாக நிற்கிறது, கட்டிக்குள் காற்றுப் பொத்தல். கிளறத் தெரியாதவன் செய்த உப்புமா.

மேனேஜர் குப்புராஜிடம் சொன்னேன். "ஹீட் ட்ரீட்மென்ட் குடும்மா இசபெல்லா, எல்லாம் சரியாப் போயிடும்." சூடு காட்டினால் பொத்தல் மூடிக்கொள்ளுமாம்! மாரண்டஹள்ளி பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

17 மார்ச்
கொடுத்தாயிற்று. கடினம் ஏறியது. கடினம் அளக்கும் மீட்டரைப் பார்த்துக் குப்புராஜ் கைதட்டுகிறார். கண்ணாடியும் கடினம்தான் சார், அதில் ராடு செய்வீர்களா?

18 மார்ச்
இரண்டு துண்டுகளை இழுத்துப் பார்த்தேன். சூடு காட்டாதது நீண்டு, நெளிந்து, பிறகுதான் அறுந்தது. சூடு காட்டியது சொல்லாமல் கொள்ளாமல் படீர். இரண்டிலும் முறிவு தொடங்கியது தூள்கட்டியில்தான். மெத்தென்று இருந்தவரை பொத்தலைச் சுற்றி உலோகம் விட்டுக்கொடுத்தது. கெட்டியானபின் அதற்கு வழியில்லை.

துண்டை நீட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மிஷின் கோளாறு" என்றார்.

19 மார்ச்
ராடு தேறியது என்ற ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்தேன். அவரே போட்டுக்கொண்டார். மகாமேதை.

23 மார்ச்
எழுத வரல. என்ஜின் வாங்க வந்தவங்க முன்னாடி அத ஓட்டிக் காட்டினாங்க. ராடு ஒடிஞ்சு, என்ஜின் கூட்டப் பொத்துக்கிட்டு வந்து கோவிந்தன் கையில அடிச்சிடுச்சு. என்ஜின ஓட்டிப் பாக்கற பெஞ்ச் ஆபரேட்டர் அவர். சொன்ன வேகத்துலதான் ஓட்டினார். இந்த மேனேஜர் ஆளு — ரத்தம் காயல — "ஆபரேட்டர் ஓவரா முறுக்கிட்டான்"ங்கறார். சீ!

சும்மா இருப்பேனா? ஒடிஞ்ச முனையை வந்தவங்க முன்னாடி வெச்சேன். "தூள்கட்டியப் பாருங்க. சொன்னேன், இவர் கேக்கல. கோவிந்தன் மேல பழி போடாதீங்க."

"வெளிய போ"ன்னார். போனேன்.

25 மார்ச்
என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். போல்ட்டுகள் அவரைவிடப் புத்திசாலிகள்.

6 ஜூலை
குப்புராஜுக்கு மெட்ராஸ் ஆபீசில் பதவி உயர்வு. மாலை, மைசூர்பாகு, புகழுரை. போகட்டும், அங்கே உலை இல்லை.

லேப் மறுபடி எனக்கு. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ராடு வேண்டுமாம், அவ்வளவுதான்.

22 செப்டம்பர்
தூளை நன்றாகக் காயவைத்து, நிதானமாகக் கலந்து வார்த்தோம். கடினம் உச்சத்துக்கு ஏறும் முன்பே சூட்டை நிறுத்தினேன். இழுத்தபோது நெளிந்துதான் அறுந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கோவிந்தனுக்கு இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை. ஆனாலும் பெஞ்சுக்கு வந்துவிட்டார். "நானே ஓட்டறனுங்க மேடம்."

"வேணாங்க. நீங்க வெளிய நில்லுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். ராடு ஒடியாமல் என்ஜின் சாயங்காலம்வரை ஓடியது.