நாம் காட்டிய மெட்ராஸ்

அக்கா,

காலையிலிருந்து வீடு முழுக்கப் புளிக்காய்ச்சல் வாசனை. நாளைக்கு உன் மல்லிகா வருகிறாள், மகனையும் புதுசாக வந்த மருமகளையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பெண் மெட்ராஸே பார்த்ததில்லையாம். "சின்ன ஆயா, ரெண்டு நாள்ல எதெல்லாம் பாக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று பையன் போனில் கேட்டான். உன் பேரனாயிற்றே என்று பேசாமல் இருந்தேன், இல்லாவிட்டால் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். மெட்ராஸைச் சுற்றிக் காட்டியே ஓய்ந்துபோன உடம்பு இது. முட்டி இரண்டும் தேய்ந்ததற்கு டாக்டர் என்னென்னவோ காரணம் சொல்கிறார். பாதி கிண்டியில் தேய்ந்தது என்று அவருக்கு யார் சொல்வது?

ஸ்டூலைப் போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தேன். கை கடுத்தது. இறக்கி வைத்துவிட்டு உனக்கு எழுத வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாத ஒன்று முப்பது வருஷத்துக்கு மேலாக என்னிடம் கிடக்கிறது.

ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்கு வாழ வந்த இரண்டு மருமகள்கள் நாம். நீ பெரியவள், நான் சின்னவள். நிலமெல்லாம் மனை மனையாகப் போய், மாட்டுக்கொட்டகை மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது. தெற்கே இருந்து வருகிற ரயில் நம் வீட்டுக்குப் பக்கத்தில், தாம்பரத்தில் நிற்கும். அதுதான் நம் தலையெழுத்து. மே மாதம் பிறந்தால் போதும், மதுராந்தகம், உத்திரமேரூர், அச்சரப்பாக்கம் என்று இருக்கிற உறவெல்லாம் பெட்டியும் பிள்ளையுமாக வந்து இறங்கிவிடும். அவர்களுக்கு மியூசியம் காட்ட வேண்டும், ஜூ காட்ட வேண்டும். செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். மெரினாவில் கால் நனைக்க வேண்டும், லைட் ஹவுசை அண்ணாந்து பார்க்க வேண்டும். சாப்பாடு கட்டுவது நாம், கூட்டத்தில் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது நாம், திரும்பி வந்து உலை வைப்பதும் நாம்தான். "மெட்ராஸ் இன்னா ஓடியா போவப்போவுது? ஒரு வருசம் இதுங்க வராம இருந்தா இன்னாவாம்" என்று நீ மாவாட்டிக்கொண்டே முனகுவாய்.

அப்படிப்பட்ட நீ, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், வரிசையாகக் கார்டு போட்டு உறவுக்காரர்களை அழைத்தாய். வாங்க, மெட்ராஸ் சுத்திப் பாக்கலாம், புள்ளைங்க லீவுதானே என்று. ஒரு கும்பல் ஊர் திரும்பும்போதே அடுத்த கும்பல் வந்து இறங்கியது. வீட்டில் எல்லாரும் அசந்துபோனார்கள். "பெரியவளுக்கு இன்னா ஆச்சு, புத்தி வந்துடுச்சா?" என்று அத்தைகூடக் கேட்டாள். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உன் கழுத்துக்குக் கீழே, தோள் ஓரத்தில் வந்த கட்டி புற்று என்று அடையாறு பக்கத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சனி ஞாயிறு போக மற்ற நாளெல்லாம் வந்து கதிர் சிகிச்சை, நம் ஜனங்கள் சொல்கிற கரண்ட், வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கூட வந்தது யார் என்று கேட்டபோது தங்கச்சி என்று சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன். வெளியே மரத்தடியில் உட்கார்ந்தாய். நீ அழவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. "வாய மூட்றி" என்றாய். "மல்லிகாவுக்கு இப்பதான் ஒரு நல்ல எடம் வந்துகினு கீது. அம்மாகாரிக்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? நாளைக்கு பொண்ணுக்கும் வரும்னு சொல்லிட மாட்டாங்க? தாலி ஏறுற வரைக்கும் ஒரு காதுக்கும் போவக்கூடாது."

உன் வீட்டுக்காரர், பெரிய மாமாவிடமாவது சொல்லலாம் என்றேன். நீ என்னை முறைத்தாய். அதுவும் நியாயம்தான். அவர் வாயில் எதுவும் தங்காது, சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை போய்விடும். தினம் தினம் வீட்டை விட்டுப் புறப்பட ஒரு சாக்கு வேண்டுமே. அதற்குத்தான் அந்த விருந்தாளிகள்.

அந்த மாதம் நம் விருந்தாளிகள் பார்த்த மெட்ராஸ் மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மெரினா கிடையாது, மியூசியம் கிடையாது. ஜூ வண்டலூரில், நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும் அந்தத் திசைக்கே போகவில்லை. ரயிலில் கிண்டி, அங்கிருந்து பாம்புப் பண்ணை, காந்தி மண்டபம், அடையாறு ஆலமரம், பெசன்ட் நகர் பீச், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியைச் சுற்றி என்னென்ன இருந்ததோ அதுதான் மெட்ராஸ். பாம்புப் பண்ணை வாசலில் எங்களை விட்டுவிட்டு நீ கிளம்புவாய். பொண்ணு கல்யாணத்துக்காகப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்கு வேண்டுதல், தனியாகப் போய்ச் சுற்ற வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாய். வேண்டுதல் என்றால் யார் குறுக்கே பேசுவார்கள்?

நீ திரும்பி வரும் வரை அத்தனை பேரையும் நான் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சில நாள் மிஷின் ரிப்பேர் என்பார்கள், சில நாள் கூட்டம் என்பார்கள். நான் என்ன செய்வேன்? ஒவ்வொரு கண்ணாடிக் கூண்டின் முன்னாலும் நிறுத்தி, அந்தப் பாம்பு எந்த ஊரில் யாரைக் கடித்தது, அவன் எப்படிப் பிழைத்தான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். வெயில் மண்டையைப் பிளக்கும். முதலை அசையவே அசையாது. "இரு, இப்ப வாயத் திறக்கும்" என்று அதன் முன்னாலேயே நிற்க வைப்பேன். புயலில் நடுமரம் சாய்ந்துபோன ஆலமரத்தைக் காட்டி அதுவும் அதிசயம்தான் என்று சாதித்திருக்கிறேன். மதுராந்தகத்துத் தம்பி பெண்டாட்டி ஒருநாள் கேட்டே விட்டாள். "இன்னாக்கா, சமுத்திரம் கீது, கோட்டை கீதுன்னு கூட்டினு வந்து பாம்பையே காட்றீங்க. பாம்பு எங்க வூட்டு வைக்கப்போர்ல இல்லியா?" எனக்கு ஒரே பேஜாராகப் போய்விட்டது.

அப்போதுதான் நீ வருவாய். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெயிலில் நடந்த களைப்பு என்று யாரும் நினைக்கிற மாதிரி. கரண்ட் வைக்கிற இடத்தைக் குறிக்க மார்புக்கு மேலே ஊதா மையில் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் படக்கூடாது, அழியக்கூடாது. வீட்டில் கழுத்துச் சுளுக்கு என்று சொல்லியிருந்தாய். போகப் போகத் தோல் கருத்து வெந்துபோனது. சோறு இறங்காமல் கஞ்சியைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குவாய். அப்படியிருந்தும் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத்தான் உட்கார்ந்தாய். ரயிலில் என் தோளில் சாய்ந்து பல்லாவரம் வரும் வரை தூங்குவாய், தாம்பரம் வருவதற்குள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொள்வாய். அக்கா, எனக்கு அப்போது உன் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பாடு பட்டா ஒரு கல்யாணம் என்று.

கடைசியில் அவர்களே வந்தார்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் அவருடைய தங்கையும். பெண்ணை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்படியே மெட்ராஸும் பார்க்க. வாட்டசாட்டமான அம்மா, பேச்சு கறாராக இருக்கும். மெரினாவுக்குத்தான் போக வேண்டும் என்றார். "அங்க ஒரே கூட்டம் சம்பந்தி, பெசன்ட் நகர்தான் சுத்தமா கீது" என்று நீ மடக்கினாய். அன்றைக்கும் பாம்பு, அன்றைக்கும் வேண்டுதல். நீ வந்து சேர்ந்தபின் பீச்சுக்குப் போனோம்.

கரையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நாம் நினைத்தோம். அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. "கடலுக்கு வந்துட்டு முழுக்குப் போடாம போறதா? அது பாவம். வாங்க சம்பந்தி" என்று உன் கையைப் பிடித்தார். நீ சளி என்றாய், சுளுக்கு என்றாய். "உப்புத் தண்ணிதான் சுளுக்குக்கு மருந்தே" என்று அவர் இழுத்துக்கொண்டே போனார். சேலை நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கோடெல்லாம் தெரிந்துவிடும். முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டு நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாதது நல்லதாகப் போயிற்று. உங்கள் இருவரையும் தாண்டி ஓடி, வந்த அலையில் தொபுக்கடீர் என்று விழுந்தேன். மூக்கு வாயெல்லாம் உப்பு. எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. அந்த அம்மா உன் கையை விட்டுவிட்டு என் கொண்டையைப் பிடித்துத் தூக்கினார். நீயும் பதறிக் குனிந்தாய், முந்தானை சரிந்தது. அவர் அந்த ஊதாக் கோட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவரே உன் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டு, "காத்து அடிக்குது, போத்திக்குங்க. நீங்க போய் மணல்ல உக்காருங்க, இவங்கள நான் பாத்துக்கறேன்" என்றார்.

குப்பத்துப் படகு ஒன்றின் மறைவுக்கு என்னைக் கூட்டிப்போய், என் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டார். "எத்தினி நாளா கரண்ட் வெக்கிறாங்க?"

"இன்னா கரண்ட்டு?" என்றேன்.

"எங்கக்காவுக்கும் இதே மாதிரி ஊதாக் கோடு போட்டாங்கம்மா. ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கெடந்தவ நானு. என்கிட்ட மறைக்காத."

அவர் காலைப் பிடிக்கப் போனேன். பெண் மேல் ஒரு குறையும் இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது, தயவு செய்து வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள் என்று உளறினேன். அவர் பிழிவதை நிறுத்தவில்லை. "பொண்ணு வாணாம்னு யாரு சொன்னது?" என்றார். பிறகு, "தை மாசம் வெச்சிக்கலாம்னு இருந்தோம். தை வரிக்கும் இருப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அழுதேன். "சரி, அழாத. எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு அவங்ககிட்ட சொல்லாத. சொன்னா ஒடைஞ்சிபோயிடுவாங்க. பொண்ணுக்காக இந்த வெயில்ல இந்தப் பாடு பட்டவங்க, ஜெயிச்சதாவே இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது, மகனுக்குத் தையில் நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டதாகவும், ஆடிக்கு முன்னால், ஆனியிலேயே முடித்துவிடலாம் என்றும் ஒரு போடு போட்டார். பெரிய மாமா அப்போதே விரல் விட்டு நாள் எண்ண ஆரம்பித்தார். நீ மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொட்டகைக்கு வந்து என் கையை இறுக்கிப் பிடித்தாய். "பொய்யா சொன்ன வேண்டுதலையே புள்ளையாரு நெசமாக்கிட்டாருடி" என்றாய். நான் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

குன்றத்தூர் மலைக்கோயிலில் கல்யாணம். படியில் உன்னால் ஏற முடியவில்லை. நீ உட்கார்ந்த இடத்திலெல்லாம் அந்த அம்மாவும் தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஆவல சம்பந்தி, உக்காந்து போலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு முட்டியில் ஒரு வலியும் கிடையாது. தாலி ஏறியபோது நீ என் காதில், "பாத்தியாடி, ஒருத்திக்கும் தெரியல" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஆமாக்கா" என்றேன். அடுத்த தைப் பொங்கலுக்கு முன்னாலேயே நீ போய்விட்டாய்.

கடைசி நாட்களில் சொல்லிவிடலாமா என்று தோன்றும். ஒருத்திக்கும் தெரியவில்லை என்று நீ திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பதைப் பார்த்தால் மனசு வராது. அந்த அம்மா ஊரில் ஒரு வார்த்தை விடவில்லை. மல்லிகாவைக்கூட ஒருநாள் குத்திக் காட்டியதில்லை. போன ஐப்பசியில் அவரும் போய்விட்டார், அக்கா. இத்தனை வருஷம் இரண்டு பேர் பிடித்திருந்ததை இப்போது நான் ஒருத்தியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வயசாகிவிட்டது, அசதியாக இருக்கிறது.

அதனால் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ யாரையும் ஏமாற்றவில்லை. அந்த அம்மா தெரிந்துதான் உன் பெண்ணை எடுத்தார்.