வாசலில் முப்பது அடி

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மா இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்தாள், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் எங்கள் பொழுது போகிறது.

போனில் சொல்ல வாய் வராமல் இதை எழுதுகிறேன். நம் தெருவுக்கு மணல் சேர்க்காத கான்கிரீட் போட்டோம் அல்லவா, அதில் ஜல்லிக்கு ஜல்லி சந்து இருக்கும், பெய்கிற மழை அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலே கரணை வைத்து இழைக்கவே கூடாது என்று தெரு வேலையை மேற்பார்க்க வந்த இன்ஜினியர் பெண் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் கண்ணாடி மாதிரி தளம் இழைத்த கொத்தனார் எனக்கு அது மண்டையில் ஏறுமா? நம் வாசல் வந்ததும் கை துறுதுறுத்தது. அம்மா கால் இடறுமே என்று, அந்தப் பெண் தெருக்கோடிக்குப் போன நேரம் பார்த்து, சிமெண்ட் பாலை ஊற்றி முப்பது அடியை வழவழவென்று இழைத்துவிட்டேன். நம்ம வாசல்தான் லட்சணமா இருக்குன்னு அம்மாகூடச் சொன்னாள், இழைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்து வந்த மழையில் தெரு முழுக்க ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை, நம் வாசலில் மட்டும் கணுக்கால் தண்ணீர். அது வடியாமல் நின்று பாசி பிடித்த இடத்தில்தான் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கலவையில் கோளாறு என்று சொல்லி நகராட்சி ஆபீசில் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். அப்படியும் அவள் அம்மாவைப் பார்க்க வந்தாள். அம்மா கண்டபடி திட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அப்படியே பதினாறு நாள் ஓட்டிவிட்டேன் சிட்டு.

நேற்று ஆபீசுக்குப் போய், ஜல்லிச் சந்தை அடைத்தது என் கைதான் என்று எழுதிக் கொடுத்தேன். இனி என்னை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், போகட்டும். அம்மாவிடமும் சொன்னேன். என் இடுப்பு கூடிடும், அந்தப் பொண்ணைத் திட்டினதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது, கைத்தாங்கலா என்னை அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.

நீ வேலையில் ஏதும் தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, அப்பா மாதிரி அடைகாக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். நாளை அந்த முப்பது அடியை நானே உடைக்கிறேன். அடுத்த முறை வரும்போது நம் வாசலும் கரடுமுரடாகத்தான் இருக்கும், கால் உறுத்தினால் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா